படத்தின் முதல் வசனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்ச் டயலாக் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. விளக்கு அணைந்ததும் காதில் விழும் முதல் வாக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதைப் பற்றி நண்பர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பிறமொழி வசனங்களைப் பொருள் மாறாமல் தமிழில் தந்திருக்கிறேன். சில படங்களின் கதை உடையும், முன்பே சொல்லிவிட்டேன்.

முதல் வசனம் என்று எதை எடுத்துக்கொள்வது?

படத்தில் முதலில் வாய் திறப்பவர் சொல்வதுதான் முதல் வசனம். ஆனால் நம் நினைவு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) படத்தின் முதல் வசனம் எது என்று கேட்டால், “எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே நான் கேங்ஸ்டர் ஆகத்தான் ஆசைப்பட்டேன்” என்பார்கள். படத்தைப் போட்டுப் பாருங்கள். 1970, நியூயார்க் என்று எழுத்து வருகிறது. இரவு, கார், உள்ளே மூன்று பேர். எங்கிருந்தோ தட்டுகிற சத்தம். என்ன சத்தம் அது, எதிலாவது மோதிவிட்டோமா என்று வண்டி ஓட்டுகிறவன் கேட்கிறான். முதல் வசனம் அந்தக் கேள்விதான்.

வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறக்கிறார்கள். உள்ளே ரத்தம் தோய்ந்த ஒரு ஆள், இன்னும் சாகவில்லை. ஒருவன் கத்தியால் குத்துகிறான், இன்னொருவன் சுடுகிறான். வண்டி ஓட்டியவன் டிக்கியை அறைந்து மூடுகிறான். அதற்கப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது. டிக்கியைப் பார்க்காமல் அதைக் கேட்டால் ஒரு பையனின் ஆசையாக மட்டுமே தோன்றும். பார்த்துவிட்டுக் கேட்டால், இதைக் கண்ணால் கண்ட பிறகும் இவன் இப்படிச் சொல்கிறானே என்று வயிற்றைக் கலக்கும்.

‘ஸ்டார் வார்ஸ்’ (1977) இன்னொரு வகை. “நெடுங்காலத்துக்கு முன்பு, தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றில்” என்பது திரையில் வரும் எழுத்து, யாரும் பேசுவதில்லை. முதலில் வாய் திறப்பது சி-3பிஓ என்ற பொன்னிற ரோபோ. அதுவும் புலம்பிக்கொண்டுதான் திறக்கிறது.

‘தி காட்ஃபாதர்’ தொடக்கத்தை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

திரை இருட்டாக இருக்கும்போதே குரல் வந்துவிடுகிறது: “நான் அமெரிக்காவை நம்புகிறேன்.” அப்புறம்தான் முகம் தெரிகிறது. பேசுகிறவர் அமெரிகோ போனசெரா, சவ அடக்கத் தொழில் செய்பவர். அமெரிக்கா என்னை வாழவைத்தது, என் மகளை அமெரிக்கப் பாணியில் வளர்த்தேன் என்கிறார். அந்த மகளை இரண்டு இளைஞர்கள் அடித்து நாசப்படுத்திவிட்டார்கள். போலீசுக்குப் போனார். நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து அவர்களை அன்றே வெளியே விட்டுவிட்டார். இவ்வளவையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேமரா மெதுவாகப் பின்வாங்குகிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் அவர் முகம் மட்டும்தான். கடைசியில் திரையின் ஓரத்தில் ஒரு தோளும் ஒரு கையும் தட்டுப்படுகின்றன. இத்தனை நேரமும் அவர் நம்மிடம் பேசவில்லை, அந்தத் தோளுக்குரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிகிறது. நாம் மாஃபியா தலைவர் டான் கோர்லியோனின் பக்கத்திலேயே உட்கார்ந்து மனு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

டான் அவரிடம் கேட்கும் முதல் கேள்வியும் சாதாரணமானதில்லை: “ஏன் போலீசுக்குப் போனாய்? ஏன் முதலில் என்னிடம் வரவில்லை?” நீதிமன்றத்தை நம்பியவரின் பேச்சும், நீதிமன்றம் எதற்கு என்பவரின் பேச்சும் ஒரே அறையில். மூன்று மணி நேரப் படத்தின் சண்டை முழுவதும் இந்த இரண்டு குரலுக்குள் அடங்கிவிடுகிறது. வெளியே கல்யாண மேளம், உள்ளே கொலைக்கு மனு. டானாக நடித்த மார்லன் பிராண்டோ மடியில் ஒரு பூனை வேறு. ஸ்டூடியோவில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பிடித்து அவர் கையில் கொடுத்தார்கள் என்பது பிரபலமான கதை.

மரியோ பூஸோவின் நாவல் (1969) போனசெராவை நீதிமன்றத்திலேயே உட்காரவைத்துத் தொடங்குகிறது. படத்தில் அந்த நீதிமன்றக் காட்சியே கிடையாது. நடந்ததை அவர் வாயால் கேட்கும்போது அவமானம் கூடுகிறது. போய் நின்ற இடம் அப்படி. பின்பாதியில் டான் தன் மூத்த மகன் சன்னியின் உடலோடு இதே போனசெராவிடம் வந்து நிற்பார். கடன் வசூலாகும் காட்சி அது.

‘சிட்டிசன் கேன்’ தொடக்கத்தில் நாயகன் கேன் “ரோஸ்பட்” என்று சொல்லி இறக்கிறார். அறையில் யாருமே இல்லையே, யார் கேட்டார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு இயக்குநர் ஆர்சன் வெல்ஸை மடக்கிவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம். 1941இல் வந்த படம். திரை முழுக்க உதடுகள், ஒற்றைச் சொல், கையிலிருந்து உருண்டு உடையும் கண்ணாடி உருண்டை. அதற்குப் பிறகுதான் நர்ஸ் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அப்படியானால் கேட்டது யார்?

பதில் படத்திலேயே இருக்கிறது. கேனின் மாளிகையில் வேலை பார்த்த ரேமண்ட் பின்னால் நிருபரிடம் பேசும்போது, அவர் ரோஸ்பட் என்றார், உருண்டையைக் கீழே போட்டார், அது உடைந்தது என்று சொல்கிறான். அறையில் அவனும் இருந்தான், கேமரா காட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ரேமண்ட் காசு கொடுத்தால் வாய் திறக்கிற ஆசாமி, அவனை நம்பலாமா என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

செத்துப்போனவன் கதை சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்றுதான், ஆனால் முதல் நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டு செய்கிற ஏமாற்று. பில்லி வைல்டரின் ‘சன்செட் பொலிவார்ட்’ (1950) ஒரு செய்தி வாசிப்பு போலத் தொடங்குகிறது: “ஆமாம், இது சன்செட் பொலிவார்ட், லாஸ் ஏஞ்சலஸ், கலிஃபோர்னியா. காலை சுமார் ஐந்து மணி.” போலீஸ் வண்டிகள் விரைகின்றன. ஒரு பெரிய வீட்டின் நீச்சல் குளத்தில் இளைஞன் ஒருவன் குப்புற மிதக்கிறான். சாதாரண ஆள்தான், பி-கிரேடு படம் ஒன்றிரண்டுக்குக் கதை எழுதியவன், பாவம், நீச்சல் குளம் வேண்டும் என்று ஆசைப்பட்டான் என்று அந்தக் குரல் சொல்கிறது. குரலும் மிதப்பவனும் ஒரே ஆள்தான் என்று படம் பட்டென்று போட்டு உடைப்பதில்லை. போகப்போகத்தான் உறைக்கிறது.

வைல்டர் முதலில் எடுத்தது வேறு தொடக்கம். பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், நாயகன் அவற்றிடம் தன் கதையைச் சொல்வான். இலினாய் மாநிலத்தில் எவன்ஸ்டன் என்ற ஊரில் முன்னோட்டமாகப் போட்டுக் காட்டினார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பகுதியை அப்படியே தூக்கிவிட்டுப் புதிதாக எடுத்தார். அந்தச் சிரிப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தமிழில் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ‘அந்த நாள்’ (1954). வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே கிடையாது. படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி கணேசன் விழுகிறார். கதாநாயகன் முதல் காட்சியிலேயே காலி. இறந்தவர் இங்கே கதை சொல்வதில்லை, அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எழுபது வருடம் கழித்தும் இந்தத் துணிச்சல் நம்மில் அரிதாகத்தான் இருக்கிறது.

தொலைக்காட்சித் தொடருக்கும் இதே விதிதானா?

சினிமாவுக்கு வந்தவர் டிக்கெட் வாங்கியாயிற்று, சட்டென்று எழுந்து போகமாட்டார். டிவிக்காரருக்கு அந்த வசதி இல்லை. ரிமோட் எதிராளி கையில். அதனால் தொடர்களின் முதல் வசனம் இரண்டு விதமாக வளர்ந்திருக்கிறது. ஒன்று, கழுத்தைப் பிடித்து உட்காரவைப்பது. மற்றது, நீங்கள் ஏற்கனவே இவர்களோடு பழகியவர் என்பதுபோல நடுப்பேச்சில் தொடங்குவது.

முதல் விதத்துக்கு ‘பிரேக்கிங் பேட்’ (2008). நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் ஒரு பேன்ட் காற்றில் பறந்து வந்து விழுகிறது. ஒரு வண்டி தாறுமாறாக ஓடிப் பள்ளத்தில் நிற்கிறது. பேன்ட் இல்லாத நடுத்தர வயதுக்காரர் இறங்குகிறார். தூரத்தில் சைரன். அவர் பதறிப் புலம்புவதைக் கழித்துவிட்டால், வீடியோ கேமராவைப் பார்த்துப் பேசுவதுதான் முதல் முழு வசனம்: “என் பெயர் வால்டர் ஹார்ட்வெல் வைட். நான் வசிப்பது 308, நெக்ரா அரோயோ லேன், அல்புகர்க்கி, நியூ மெக்ஸிகோ, 87104.” பின்கோடு வரை சொல்கிறார்! உயிர் போகும் நேரத்திலும் விண்ணப்பப் படிவம் நிரப்புகிற குணம். அவர் பள்ளி ஆசிரியர் என்று பின்னால் தெரியும்போது நமக்கு ஆச்சரியமே வருவதில்லை. அடுத்த வரி இன்னும் மேல்: சட்ட அதிகாரிகளுக்கு, இது குற்ற ஒப்புதல் அல்ல, நான் இப்போது என் குடும்பத்திடம் பேசுகிறேன் என்கிறார். செய்ததை மறைத்துக்கொண்டே பாசம் பேசுவது. ஐந்து சீசனும் அவர் அதைத்தான் செய்யப்போகிறார். முழுப்பெயரும் விலாசமும் சொல்லித் தொடங்கியவர் போகப்போக ‘ஹைசன்பர்க்’ என்ற வேறு பெயருக்குள் போய்விடுகிறார். சரி, அந்த சைரன்? போலீஸே இல்லை, தீயணைப்பு வண்டிகள்.

இரண்டாவது விதத்துக்கு ‘ஃபிரெண்ட்ஸ்’ (1994). காபி கடையில் மோனிகா சொல்கிறாள்: “சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல! கூட வேலை பார்க்கிற ஒருத்தர், அவ்வளவுதான்.” யாரோ முன்பே ஏதோ கிண்டியிருக்கிறார்கள், இவள் மழுப்புகிறாள். அந்தக் கிண்டல் நமக்குக் கேட்கவில்லை, ஆனால் இந்த ஒரு வரியிலேயே அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது.

‘சைன்ஃபெல்ட்’ (1989) செய்தது தனி வேடிக்கை. நாயகன் ஜெரியின் மேடை நகைச்சுவைப் பேச்சு முடிந்து நண்பர்கள் பேசத் தொடங்கும் முதல் விஷயம் ஜார்ஜின் சட்டையில் இரண்டாவது பட்டன் இருக்கும் இடம் சரியில்லை என்பது. ஒன்பது வருடம் கழித்து, 1998இல் வந்த கடைசி அத்தியாயத்தில், நண்பர்கள் நால்வரும் சிறையில் உட்கார்ந்திருக்கும்போது ஜெரி மறுபடியும் அதே பட்டன் பேச்சை எடுக்கிறான். இதை நாம முன்னாடியே பேசலையா என்று ஜார்ஜ் கேட்கிறான். இந்த ஆட்கள் துளியும் திருந்தவில்லை என்று சொல்ல ஒரு சட்டை பட்டன் போதுமாக இருந்தது.

ஒவ்வொரு வாரமும் திரும்பத் திரும்ப வரும் தொடக்க வரிகளும் இதில் சேருமா?

சேரும், ஆனால் அவற்றின் வேலை வேறு. கோயில் மணி மாதிரி, அடுப்படியில் இருப்பவரையும் கூப்பிட வேண்டும். ‘ஸ்டார் ட்ரெக்’ (1966) தொடரில் வில்லியம் ஷாட்னர் குரலில் வரும் “விண்வெளி, இறுதி எல்லை” அப்படிப்பட்டது.

நம் பக்கத்தில் இதற்கு ஈடு பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’. 1988 அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. “மைன் சமய் ஹூன்”, அதாவது நான்தான் காலம் என்று ஹரிஷ் பிமானியின் குரல் ஒலிக்கும், திரையில் சக்கரம் சுழலும். இந்தியில் வேறெதுவும் தெரியாதவர்கள்கூட இந்த மூன்று சொல்லை அதே குரலில் சொல்லிக்காட்டுவார்கள்.

அந்த வரி ஒரு சிக்கலையும் தீர்த்தது. மூல பாரதத்தில் கதைக்குள் கதை: வைசம்பாயனர் ஜனமேஜயனுக்குச் சொல்கிறார், அதைக் கேட்ட சூதமுனிவர் நைமிசாரண்யத்து ரிஷிகளுக்குச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஜா காலத்தையே கதைசொல்லி ஆக்கினார். எல்லாவற்றையும் பார்த்த ஆள், யார் பக்கமும் சாயாத ஆள், எந்த அத்தியாயத்திலும் புகுந்து விளக்கம் சொல்ல உரிமை உள்ள ஆள்.

வசனமே இல்லாமல் தொடங்கும் படங்கள்?

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) நல்ல உதாரணம். குரங்கு மனிதர்கள், எலும்பு ஆயுதம், பல லட்சம் வருடத் தாவல், விண்கலங்களின் நடனம் என்று ஏறக்குறைய 25 நிமிடம் யாரும் பேசுவதில்லை. மனித குலம் இவ்வளவு தூரம் வந்து கடைசியில் என்ன பேசப்போகிறது என்று காத்திருந்தால், லிஃப்டில் இருக்கும் பணிப்பெண் சொல்கிறாள்: “வந்துவிட்டோம், சார். மெயின் தளம்.” அவ்வளவுதான். குப்ரிக்குக் குசும்பு அதிகம்.

வசனமே இல்லாமல் முடிந்துவிடுகிற படமும் உண்டு. சிங்கீதம் சீனிவாசராவின் 1987 படத்துக்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயர் ‘பேசும் படம்’.

முதல் வசனத்தைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் யார் வாயில் வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் படம் (2001) கெலாட்ரியல் குரலில் தொடங்குகிறது: உலகம் மாறிவிட்டது, அதை நீரில் உணர்கிறேன், மண்ணில் உணர்கிறேன் என்று. டோல்கீனின் நூலில் இதைச் சொல்வது ட்ரீபியர்டு என்ற மரத் தாத்தா, அதுவும் மூன்றாம் பாகத்தின் பிற்பகுதியில், கெலாட்ரியலிடமிருந்து விடைபெறும்போது. கேட்டவளைச் சொல்பவளாக்கி, விடைபெறும் வார்த்தையை வரவேற்பாக்கியிருக்கிறார்கள். நல்ல திருட்டு.

தமிழ்ப் படங்களின் முதல் வசனம் ஏன் நம் நினைவில் நிற்பதில்லை?

தியேட்டரில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். செல்போன் வெளிச்சத்தில் சீட் நம்பர் தேடுகிறவர், “கொஞ்சம் காலை மடக்குங்க சார்” என்பவர், பாப்கார்ன். பெரிய நடிகர் படம் என்றால் முதல் பத்து நிமிடம் விசில்தான் ஒலிப்பதிவு. இது தெரிந்தே நம் வசனகர்த்தாக்கள் நல்ல வரியைப் பத்திரமாகப் பின்னால் வைக்கிறார்கள், நாயகன் திரும்பிப் பார்க்கும் நொடிக்கு. அது குறை என்று நான் சொல்லமாட்டேன், இந்த ஊர்ப் பந்திக்கு இந்தப் பரிமாறல். இந்தியத் தியேட்டரில் அதிகம் பேர் கேட்ட தொடக்க வசனம் எது என்று பார்த்தால் புகையிலை எச்சரிக்கைதான் ஜெயிக்கும், அதுவும் மனப்பாடமாக.

இதற்கெல்லாம் பெரிய விதிவிலக்கு பாரதிராஜா. “என் இனிய தமிழ் மக்களே” என்று அவரே பேசித் தொடங்கும் வழக்கம் அவருடைய கையெழுத்து. கதை தொடங்குமுன் இயக்குநர் தன் கரகரத்த குரலில் உறவு கொண்டாடிவிடுகிறார். கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து சபையோடு பேசுவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. மிமிக்ரி கலைஞர்கள் இன்றும் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

தமிழ் சினிமாவில் முதன்முதலில் பேசப்பட்ட வசனம் எது?

முதல் தமிழ்ப் பேசும் படமாகச் சொல்லப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கம். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். படச்சுருள் இன்று இல்லை, ஆகவே அதன் முதல் வாக்கியமும் போய்விட்டது.

குறும்படம் எடுக்கப்போகிறேன். முதல் வசனம் எப்படி எழுத?

எதை எழுதக்கூடாது என்பதிலிருந்து போகலாம். பல குறும்படங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன:

“அண்ணா, நம்ம அப்பா இறந்து மூணு வருஷம் ஆகுது. நாளைக்கு நம்ம தங்கச்சி கல்யாணம். நீதான் கல்யாணச் செலவைப் பார்த்துக்கறேன்னு சொன்ன.”

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதா? இது பார்வையாளர் காதில் ஊதுகிற தகவல். இரண்டு பேரும் தெரிந்த விஷயத்தைப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் கேட்கவிடுங்கள்:

“மண்டபத்துக்கு அட்வான்ஸ் யார் கையில குடுத்தண்ணா?”

அண்ணன் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடினால் போதும். கல்யாணம், பணம், அண்ணன் மேல் சந்தேகம் எல்லாம் வந்துவிட்டது. அப்பா இல்லை என்பது சுவரில் மாட்டிய படத்தில் தெரிந்துகொள்ளட்டும். மேலே பார்த்த போனசெரா, மோனிகா, வால்டர் வைட் மூவரையும் கவனியுங்கள்: ஒருவர் எதையோ கேட்டு வந்திருக்கிறார், மற்ற இருவர் எதையோ மறைக்கிறார்கள். கேட்பதும் மறைப்பதும் இருக்கும் இடத்தில் வசனம் தானாக உயிரோடு இருக்கும். வாழ்க்கை என்பது என்று தொடங்கும் தத்துவக் குரல்களை நான் முதல் வெட்டிலேயே தூக்கச் சொல்வேன்.

பார்வையாளருக்கு ஒன்றும் பிடிபடாத வேகத்தில் பேசினால் தப்பா?

‘தி சோஷியல் நெட்வொர்க்’ (2010) தப்பில்லை என்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் திரையில் இருக்கும்போதே மதுக்கடை இரைச்சல் கேட்கிறது, அதற்குள் ஃபேஸ்புக்கை உருவாக்கப்போகும் மார்க் பேச ஆரம்பித்துவிடுகிறான்: அமெரிக்காவின் மொத்த ஜனத்தொகையைவிடச் சீனாவில் இருக்கும் மேதைகள் அதிகம், தெரியுமா என்று. எதிரே இருக்கும் பெண்ணுக்கே மூச்சு முட்டுகிறது, நமக்கு முட்டினால் என்ன? டேவிட் ஃபின்ச்சர் அந்தக் காட்சியை 99 டேக் எடுத்ததாகச் சொல்வார்கள். நிதானமாக எடுத்தால்தான் இவ்வளவு அவசரம் கிடைக்கும் போலிருக்கிறது.

முதல் வசனம் கிடைத்த பிறகுதான் கதையை எழுத வேண்டுமா?

வேண்டாம். இயக்குநர் கப்போலா ‘தி காட்ஃபாதர்’ திரைக்கதையைக் கல்யாண விருந்தில்தான் தொடங்கியிருந்தார். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், கப்போலா முன்பு இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ‘பேட்டன்’ (1970) படத்தை நினைவூட்டினார். ராட்சத அமெரிக்கக் கொடியின் முன் ஜார்ஜ் சி. ஸ்காட் நின்று படைவீரர்களுக்கு உரையாற்றும் தொடக்கம் அதில். அதுபோல வித்தியாசமாக ஏதாவது செய்யக்கூடாதா என்று நண்பர் கேட்டதாகக் கப்போலாவே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் போனசெரா முன்னால் வந்தார்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் போதும். ‘அந்த நாள்’, ‘சன்செட் பொலிவார்ட்’ இரண்டையும் முதல் பத்து நிமிடம் அடுத்தடுத்துப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘குட்ஃபெல்லாஸ்’ அவர்கள் தூங்கிய பிறகு. ஓடிடியில் ‘ஸ்கிப் இன்ட்ரோ’ பட்டனைத் தொடாதீர்கள். நிறுவனச் சின்னம் வரும்போதே சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.